ஏழாவது பாட்டு

இது நான் இல்லை. நான்தான். இல்லை. திரும்பப் போடு. போனில் விரல் வழுக்கி வேறெங்கோ பட்டு மூன்றாவது பாட்டு ஓடுகிறது, தங்கமணி பாட்டு, அதில் சந்தேகமில்லை, மூக்கடைப்போடு பாடியிருக்கிறேன், ஆனாலும் நான். நிறுத்து. ஏழைத் தொடு. கிற்றார் நாலு தட்டு, டோல்கி சேருகிறது, பிறகு குரல். மழை வந்தால் நில்லு மச்சாள், மனம் வந்தால் சொல்லு மச்சாள். வெளியே கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் ரயில், மேசை அதிர்கிறது, இரண்டு வரி அதோடு போய்விட்டது. கடலோரம்தான் வீடு வேண்டும் என்று நின்றவள் என் மனுசி ஜசி. கடல் அவளுக்கு, ரயில் எனக்கு. திரும்பப் போடு. மணி ஒன்பது. தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனவள் சந்தையும் பார்த்துக்கொண்டு வர முக்கால் மணியாகும். பத்துக்கு மெல்பேர்ணிலிருந்து பிரணவன் போன் எடுப்பான். பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற பொடியன், நான் பாடின காலத்தில் அவனுடைய அப்பனுக்கே மீசை முளைத்திருக்காது. பொப்பிசைப் பிலேந்திரனின் பொற்பாடல்கள் பதினான்கு என்று ஒரு தொகுப்புப் போடுகிறான். அட்டையில் என் படம், பட்டன் மூன்று திறந்த சட்டை, கீழே அகன்ற யானைக்கால் காற்சட்டை. பதினான்கையும் நான் கேட்டு, என்னுடையதுதான், சரி, போடு என்று சொல்லவேண்டுமாம். சொல்லாமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டானாம். நல்ல பழக்கம். ஆனால் நான் என் பாட்டைக் கேட்பதில்லை. ஐம்பது வருடமாகக் கேட்டதில்லை. றேடியோவில் வந்தால் எழும்பி வெளியே போய்விடுவேன், கலியாண வீட்டில் போட்டால் கை கழுவப் போய்விடுவேன். தன் குரலைத் தானே கேட்டு ரசிக்கிறவன் மனுசனா? நேற்றுப் பின்னேரம் ஆறு பாட்டுக் கேட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆறும் நான். இன்று ஏழு. முதல் வரியிலேயே நிற்கிறேன்.

குரல் என்னுடையதுதான் போல இருக்கிறது. அதே கரகரப்பு, அதே இழுப்பு. ஆனால் அந்தச் சொல். இவன் மழை என்று பாடவில்லை. மளை என்று பாடுகிறான். மளை வந்தால் நில்லு. நான் மளை என்று பாடமாட்டேன். செத்தாலும் பாடமாட்டேன். எழுபத்தொன்றில் வானொலிக் குரல்தேர்வுக்கு நானும் நேசனும் சேர்ந்து போனோம். தங்கநேசன், என்னோடு பேஸ் கிற்றார் வாசித்தவன். கண்ணாடி போட்ட ஒரு மனுசி இருந்தா. பாடி முடிய விட்டுவிட்டு, தம்பி, கோழி என்று சொல்லும் பார்ப்பம் என்றா. கோளி என்றேன். மற்றவர் சொல்லும். கோளி. இரண்டு பேரும் போகலாம். அவ்வளவுதான். வெளியே வந்து நான் வெட்கத்தில் அழுதேன், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் விடவில்லை. மூன்று மாதம் நாக்கை மடித்து மடித்துப் பழகினேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைத் தெருவின் முனையில் கோழிக்கடை, அதன் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்று கோழி, கோழி, கோழி. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "எத்தனை கோளி தம்பி?" அடுத்த தேர்வில் எடுபட்டேன். நேசன் வரவில்லை. வாடா என்றேன். "என்ர அம்மா மளை எண்டுதான் சொன்னவ மச்சான். அம்மாவைப் போய்த் திருத்தேலுமே?" அதோடு அவன் பாடகன் இல்லை, கிற்றார்க்காரன். நான் பாடகன். அன்றிலிருந்து ழகரம் என் நாக்கைவிட்டு இறங்கியதில்லை. தூக்கத்திலும் வாழைப்பழம் என்று ஒழுங்காகச் சொல்லுவேன் என்று ஜசி பகிடி பண்ணுவாள். நாலாவது பாட்டைப் போடு. கோழிச்சண்டைப் பாட்டு. கோழி. கேள். எவ்வளவு அழகாக மடிகிறது. அது எழுபத்து மூன்று. ஏழாவது எழுபத்து நாலு. ஒரு வருடத்தில் நாக்கு மறக்குமா?

மறக்கும். எல்லாம் மறக்கிறதே. போன மாதம் கிளினிக்கில் ஒரு டொக்டர்ப் பிள்ளை, என் பேத்தி வயது, ஒரு வட்டம் கீறித் தந்து, ஐயா இதில் மணிக்கூட்டு இலக்கங்களைப் போடுங்கோ, பத்துப் பத்து காட்டுங்கோ என்றாள். என்ன விசர்க் கதை. போட்டேன். பன்னிரண்டு வட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டு வாங்கோ. தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. எழுபத்தொன்பது. அதற்கு அங்கால் இருட்டு. ஏழு எனக்கு ஆகாத இலக்கம் போல. அவள் எழுதிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது ஜசி என் கையைப் பிடித்துக்கொண்டாள், கூட்டத்தில் தொலைகிற பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. பிறகு பிரணவனுக்கும் சொல்லிவிட்டாள். நான் குளித்துக்கொண்டிருக்க வெளியே கேட்டது, "தம்பி, அவருக்கு இப்ப கொஞ்சம் மறதி, நிதானமாக் கேளுங்கோ." நிதானமாக. அப்ப இது அதுதான். ஒரு மனுசன் வீட்டுச் சாவியை மறக்கலாம், கிழமையை மறக்கலாம், சொந்தக் குரலைக் கேட்டு ஆர் இவன் என்று கேட்டால் அவன் முடிந்தான். இது என் குரல் என்றால் என் தலை போய்விட்டது. இது என் குரல் இல்லையென்றால் தலை இருக்கிறது, ஆனால் வேறொன்று போகிறது. அதை யோசிக்காதே. எது பரவாயில்லை? அதையும் யோசிக்காதே. பாட்டைப் போடு.

ஒழுங்காக ஞாபகப்படுத்து. மருதானையில் ஸ்ரூடியோ, ஒரு அச்சகத்துக்கு மேல் மாடியில், மையும் மண்ணெண்ணெயும் மணக்கும். தகரக் கூரை. மழை கொட்டுகிறது, றெக்கோர்ட் பண்ண ஏலாது, காத்திருக்கிறோம். மழை விட்டது. நான் மைக்கில் போய் நின்று ஒரே மூச்சில் பாடி முடித்தேன், மழையே வந்து நின்று கேட்ட பாட்டு இது! கைதட்டல். அதுதான் பிழை. அது மேடையில் நான் சொல்லுகிற கதை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி, பிறகு பாரிஸ், சூரிச், ஆயிரம் மேடையில் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லித் தேய்ந்து இப்போது எனக்குத் தெரிவது அந்த நாளா அந்தக் கதையா? மழைச் சத்தம் நான் கேட்டதா, நேசன் கேட்டு எனக்குச் சொன்னதா? ஏனென்றால் அந்த மாதம் எனக்குக் கூகைக்கட்டு. இருபத்தாறு வயதில் கூகைக்கட்டு. கன்னம் இரண்டும் தேங்காய் மாதிரி வீங்கி வேப்பிலைக்குள் கிடந்தேன். ஸ்ரூடியோவுக்குக் காசு கட்டியாயிற்று, வாத்தியக்காரர் வந்துவிட்டார்கள். நேசன்தான் சொன்னான், இப்போதைக்கு மாதிரிக்கு நான் பாடி விடுறன், தாளம் பிசகாமல் அவர்கள் வாசிக்கட்டும், நீ எழும்பி வந்து அதற்கு மேல் பாடு என்று. இரண்டு கிழமை கழித்துப் போனேன். பாடினேன். பாடினேனா? அன்றைக்கு மாடியேறினது ஞாபகம், மூச்சு வாங்கினது ஞாபகம், காதில் மாட்டினதும் கன்னம் நொந்தது ஞாபகம். பாடினது இந்தப் பாட்டா, இசைத்தட்டின் மறுபக்கத்துக் குடைப்பாட்டா? இரண்டுமா? தட்டு வந்தது. என் பேர் போட்டு வந்தது. நான்தான் கேட்பதில்லையே. நேசன் கேட்டிருப்பான். அவன் எல்லாவற்றையும் கேட்பான். ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, எப்படிச் சொல்லுவார்கள், எல்லாரும் வீட்டில் மளை என்று சொல்லுகிற சனம், அவர்களுக்கு அதில் என்ன பிழை? மேடையில் நான் மழை என்று பாடுவேன், மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினால் ஆயிரம் வாய் மளை என்று திருப்பிப் பாடும். சனத்துக்கு உச்சரிப்பு வராது என்று நான் உள்ளே சிரித்துக்கொள்வேன். அவர்கள் தட்டில் கேட்டதைப் பாடினார்களா? சீ. இருக்காது. பிரணவன் சொன்னானே, சில பாட்டுத் தட்டிலிருந்து எடுத்ததாம், சிலது அந்த ஒலிப்பதிவாளர் வீட்டு அலுமாரியில் கிடந்த நாடாவிலிருந்தாம். சரி. அதுதான். இது அந்த நாடா. நேசனின் மாதிரிப் பாட்டு நாடாவில் கிடந்திருக்கிறது, பொடியன் தெரியாமல் எடுத்துப் போட்டுவிட்டான். தட்டில் வந்தது நான். தட்டில் வந்தது நானாக இருக்கவேண்டும். தட்டைக் கேட்டுத்தானே ஜசி எழுதினாள்.

அந்தப் பாட்டுக்காகத்தான் என்னைக் கட்டினாள். அவளே சொல்லுவாள், வருகிற போகிற எல்லாரிடமும். இளவாலையில் தமிழ் ரீச்சர், ஒருநாளும் பொப் பாட்டுக் கேளாதவள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சைக்கிள் கடை றேடியோவில் கேட்டாளாம், சைக்கிளை விட்டு இறங்கி முடியும்வரை வெயிலில் நின்றாளாம். அன்றே தபாலட்டை எழுதினாள், தட்டை வெளியிட்ட கடை விலாசத்துக்கு. நேசன்தான் வாங்கிக்கொண்டு வந்தான், கொட்டாஞ்சேனைத் தேத்தண்ணிக் கடையில் வைத்துத் தந்தான். வாசித்துவிட்டுத்தான் தந்தான், தபாலட்டை தானே. நான் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். "ரீச்சராம், மழைக்கு ளகரம் போட்டிருக்கிறாள், பாவம் படிக்கிற பிள்ளையள்!" அவன் சிரிக்கவில்லை. கோளிக்கு அவ்வளவு சிரித்தவன். தேத்தண்ணியை ஊதி ஊதிக் கொண்டிருந்தான். பிறகு, "எழுத்துப்பிழையடா. விடு. நல்ல பிள்ளை போல கிடக்கு, போய்ப் பார்." பக்கத்தூர்தான் அவனுக்கு. எந்த பஸ், எந்தச் சந்தியில் இறங்குவது எல்லாம் சொன்னான். கலியாணத்துக்கு வந்து வாசித்தான், மாப்பிள்ளைக்குப் பதிலாக அந்தப் பாட்டை மட்டும் நீ பாடு என்று சனம் கத்த, அது பிலேந்திரன்ர பாட்டு என்று சொல்லிக் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டான். எழுபத்தொன்பதில் ஜேர்மனிக்குப் போனான். வருடத்துக்கு ஒருக்கால் போன் எடுப்பான். எடுத்தவுடன், "என்னடா, அங்க இன்னும் மளையோ?" நான், இல்லையடா, இஞ்ச வெயில் கொளுத்துது என்பேன். அவன் சிரிப்பான். வெயிலுக்கு ஏன் சிரிக்கிறான் என்று யோசித்ததில்லை. நாலு வருடமாகிறது அவன் செத்து. அங்க இன்னும் மளையோ. என்ன கேட்டான்?

தபாலட்டை எங்கே? பைபிளுக்குள். எந்தப் பக்கம்? ஒவ்வொரு கலியாண நாளுக்கும் எடுத்து உரக்க வாசிப்பேன், பிள்ளைகளுக்கு முன்னால், பேரப்பிள்ளைகளுக்கு முன்னால். மளை வரும்போது ஒரு நிறுத்து நிறுத்துவேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஜசியும் சிரிப்பாள். நாற்பத்தொன்பது வருடம். பைபிள் அலுமாரியில் இல்லை, கட்டில் பக்கத்தில், அதன் சங்கீதப் பகுதிக்குள்ளே இருக்கிறது. மங்கிய நீலம். கண்ணாடி. கண்ணாடி எங்கே, மூக்கில்தான். "பொப்பிசைப் பாடகர் திரு. பிலேந்திரன் அவர்களுக்கு, முன்பின் அறியாத ஒருத்தி எழுதுகிறேன்." எழுதுகிறேன். ழ. "தமிழில் இப்படியும் பாடலாம் என்று இன்றுதான் அறிந்தேன்." தமிழ். ழ. "நீங்கள் 'மளை வந்தால் நில்லு' என்று பாடும் இடத்தில் என் வீட்டில் யாரோ என்னைக் கூப்பிட்டது போல் இருந்தது. வாழ்த்துகள்." வாழ்த்துகள். ழ. மூன்று ழகரமும் முத்து முத்தாக. ழகரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று ளகரம். அதுவும் மேற்கோள்குறிக்குள். இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் கீறு, ரீச்சர்மார் போடுகிற மாதிரி, அழுத்தி. இந்தக் கீறுகளை நான் பார்த்ததில்லையா? எத்தனை தரம் வாசித்தேன். எழுத்துப்பிழையடா, விடு. அப்ப தட்டிலும் இவன்தான். முதல் நாளிலிருந்தே இவன்தான். சைக்கிளை விட்டு இறங்கி அவள் வெயிலில் நின்றது எனக்கில்லை. அப்ப என் தலை சரியாக இருக்கிறது. சந்தோசப்படு. நான் ஒன்றையும் மறக்கவில்லை, பாடவேயில்லை, மறக்க என்ன இருக்கிறது? சந்தோசமாக இருக்கிறதா? நெஞ்சுக்குள் யாரோ கதிரைகளை இழுத்து இடம் மாற்றுகிற மாதிரி இருக்கிறது. அப்ப நான் பாடினது எங்கே? மாடியேறி, கன்னம் நோகப் பாடினேனே, அது எங்கே? யாரோ இரண்டையும் கேட்டுவிட்டு இதுதான் நல்லது என்று எடுத்தானா? சொல்லு, யார் எடுத்தது? ஒருவரும் உயிரோடு இல்லை.

கதவு. ஜசி. சேலையில் ஊதுபத்தி வாசமும் மீன் வாசமும்.

"சூடை கிடைச்சது, நல்ல உடன் மீன்." என்னைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். "என்னப்பா, பைபிளைப் பிரிச்சு வச்சிருக்கிறியள்? இந்த வயசிலயோ மனந்திரும்புறது?"

"இதில ஏன் நீர் மளை எண்டு எழுதினனீர்?"

"ஐயோ, திரும்பவுமோ! இண்டைக்குக் கலியாண நாளும் இல்லையே."

"பகிடி இல்லை. கேக்கிறன்."

பையைக் கீழே வைத்தாள். மேசையில் கிடந்த போனைப் பார்த்தாள், அதில் ஏழு என்று நின்றது.

"கேட்டதை எழுதினன்."

"ளகரமாவோ கேட்டது?"

"மேற்கோள்குறி போட்டிருக்கிறன் எல்லோ. ஒருத்தர் சொன்னதைச் சொன்னபடி போடவேணும். பிள்ளையளுக்கு அதைத்தானே படிப்பிச்சன்."

"அப்ப முதலே தெரியும் உமக்கு."

"முதல் தெரியாது. நீங்கள் வீட்டை வந்து அம்மாவோட, கிணற்றடி வாழை செழிப்பாக இருக்கிறது எண்டு கதைச்சியளே, அப்ப விளங்கினது. அப்பா உள்ளுக்கு வந்து கேட்டவர், பிள்ளை, செய்தி வாசிக்கிறவரோ வந்திருக்கிறார் எண்டு."

"பிறகு ஏன்?"

மீனைச் சட்டியில் கொட்டினாள். தண்ணீரைத் திறந்தாள்.

"பிறகு என்ன. வந்தது நீங்கள்."

வந்தது நீங்கள். இது என்ன? நல்லதா, கவலையா? நீதான் வந்தாய், அதனால் நீதான் என்கிறாளா, அல்லது அவன் வரவில்லை என்கிறாளா? கேட்கலாம். முதுகு தெரிகிறது, முழங்கை அசைகிறது, செதிள் தெறிக்கிறது. பாட்டுக்காகத்தான் கட்டினேன் என்று சொன்னாளே ஒழிய பாடினவனுக்காக என்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதுதான் கவனிக்கிறேன். நாற்பத்தொன்பது வருடம் சனத்துக்கு முன்னால் நான் சிரிக்கச் சிரிக்க அவளும் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள்? போன் அடிக்கிறது. பத்து. சரி என்று ஒரு சொல்லுச் சொன்னால் முடிந்தது. இல்லை என்றால் கிழவனுக்கு முற்றிவிட்டது என்பான், ஜசியே சொல்லிவைத்திருக்கிறாள். மெய்யைச் சொன்னால் மறதி, பொய்யைச் சொன்னால் சுகம். நல்ல ஏற்பாடு. எடு.

"வணக்கம் அங்கிள். கேட்டீங்களோ? ஏளாவது ஓகேயோ?"

"நல்ல பாட்டு."

"உங்கட பெஸ்ட் அதுதான் அங்கிள். அதையே முதலாவதாப் போடுவம் எண்டு யோசிக்கிறன்."

"போடும். பேரை மாத்தும்."

"பாட்டின்ர பேரையோ?"

"பாடினவன்ர பேரை. தங்கநேசன். தானா, இங்கன்னா, எழுத்து எழுத்தா எழுதும்."

மெதுவாக, பிள்ளையோடு கதைக்கிற மாதிரி, "அங்கிள்... அன்ரி பக்கத்தில நிக்கிறாவோ?"

"நிக்கிறா. மீன் வெட்டுறா. எனக்கு மறதி இல்லைத் தம்பி. நான் அதைப் பாடேல்லை."

"அது தட்டிலயிருந்து எடுத்தது அங்கிள். தட்டில உங்கட பேர்தானே கிடக்கு. இது தனிப்பாடகர் தொகுப்பு, அட்டையில உங்கட படம் மட்டும். நீங்கள் ஆயிரம் மேடையில பாடின பாட்டு."

"மேடையில நான். தட்டில அவன். இல்லாட்டி அதை எடுத்துப்போட்டுப் பதின்மூண்டோட விடும்."

"அது இல்லாட்டி ஒருத்தரும் வாங்காயினம்."

"தெரியும். அப்ப பேரைப் போடும்."

"ஏதும் ஆதாரம் இருக்கோ அங்கிள்?"

"ஒரு தபாலட்டை இருக்கு. எழுத்துப்பிழை இல்லாத தபாலட்டை. படம் எடுத்து அனுப்புறன். வைக்கிறன்."

வைத்தேன். படம் எடுக்க எதை அமத்துவது? பிறகு பார்க்கலாம். அவள் தண்ணீரை எப்போது நிறுத்தினாள் என்று தெரியவில்லை. கை ஈரத்தோடு பல்கனிக் கதவில் நிற்கிறாள், கடலைப் பார்த்துக்கொண்டு. முகம் தெரியவில்லை. கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஏதோ சொல்லப்போகிறாள். சொல்லு. எது வேண்டுமானாலும் சொல்லு.

"மளை வரப்போகுது. உடுப்பை எடுங்கோ."

மழை என்று வாய்வரை வந்தது. நாக்கு தானாக மடிந்துவிட்டது. திருத்தவில்லை. எழும்பி உடுப்பை எடுக்கப் போனேன்.